இமாம்பசந்துக்கு நீல நூல்

உன் சேலை என்னா கலர் பாப்பா? இரு, சொல்லாத. இந்தக் கண்ண மூடிக்கிறன். இப்பப் பாத்தா பச்சை. இப்ப இந்தப் பக்கம் மூடிக்கிறன். நீலம். அப்படியொரு நீலம். நடுவுல நீ எந்திரிச்சுப் போயி சேலை மாத்திக்கிட்டு வரல, நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கறன்.

சிரிக்காத. மூணு வாரமா இதான் என் வேலை. வலது கண்ணுக்கு ஆபரேசன் அன்னிக்கே இங்க பண்ணிட்டாங்க. இடது இன்னிக்கி. காலையில இருந்து சொட்டு மருந்து விட்டு விட்டு உக்கார வெச்சிருக்காங்க. உன் மாமியா உள்ள போயி அரை மணி ஆச்சில்ல, அடுத்தது நானாத்தான் இருக்கும். மாதம்மான்னு கூப்பிட்டா என்னைத் தட்டி விடு. போச்சம்பள்ளி மாதம்மா. இங்க மூணு மாதம்மா இருக்கறாங்க, போன தடவ ஊத்தங்கரை மாதம்மாவுக்கு விடற மருந்தத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வந்துட்டாங்க. நான்தான் பேரக் கேட்டுத் திருப்பி அனுப்புனன். பேரு மாறுனா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும்.

உக்கார முடியல பாப்பா. நின்னா நிக்க முடியல. பயமான்னு கேக்கறியா? கத்திக்கா நான் பயப்படுவன்? முப்பது வருசமா என் கையில பிளேடு.

நான் ஒட்டுக் கட்டற ஆளு. மாஞ்செடி ஒட்டு. கொட்டை போட்டு முளைச்ச நாட்டுச் செடி ஒரு சாண் ஒண்ணரைச் சாண் வந்ததும் தலைய வெட்டி, தண்ட நடுவுல பொளந்து, நல்ல சாதி மரத்துக் குச்சிய ஆப்பாச் சீவி அதுல சொருகணும். பிளாஸ்டிக் நாடா இறுக்கிச் சுத்தி, மேல குச்சி ஐஸ் கவரு இருக்குதில்ல, அதக் கவுத்து விடணும். மூணு வாரத்துல கவருக்குள்ள துளிர் வந்துடும். நான் கட்டுனா நூறுக்குத் தொண்ணூறு பிடிக்கும். மத்தவங்களுக்கு எழுவது வந்தாப் பெருசு. வேலூர்ல இருந்து, குப்பத்துல இருந்து வந்து, மாதம்மா கைராசி, அந்தம்மா கட்டுன செடிதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. நான் சொல்லல, ஊரு சொல்லுது.

கொட்டையவே நட்டுடலாமேன்னு கேப்ப. எல்லாரும் கேக்கறதுதான். மாங்கொட்டைய நம்ப முடியாது பாப்பா. தேனாட்டம் ஒரு பழத்தத் தின்னுட்டுக் கொட்டைய நட்டுப் பாரு, எட்டு வருசம் காத்திருந்தப்புறம் நாரும் புளிப்புமா ஒண்ணு வரும். பூ பூத்தப்ப எந்த மரத்து மகரந்தம் வந்து ஒட்டிக்கிச்சோ, யாரு கண்டா. அந்த வேலைய பெரும்பாலும் ஈதான் செய்யுது, தெரியுமா? பூக்கற காலத்துல தோப்புல மீன் கழிவு கட்டித் தொங்க விடறவங்க கூட இருக்காங்க, ஈ வரட்டும்னு. நாம மூக்கப் பொத்திக்கிட்டுப் போறம், மரம் அந்த ஈயாலதான் காய்க்குது.

குச்சி அப்படி இல்ல. குச்சி மாறாது. இமாம்பசந்து குச்சி எந்த ஊருக்குப் போனாலும் இமாம்பசந்துதான். என்னிக்கோ எங்கியோ ஒருத்தன் ஒரே ஒரு மரத்தக் கண்டுபிடிச்சிருக்கான், அந்த ஒரு மரம்தான் இன்னிக்கி ஆயிரம் தோப்புல நிக்குது. தோட்டக்கலை பயிற்சி வகுப்புல ஆபீசரு சொன்னாரு, ஐந்நூறு வருசத்துக்கு முன்ன கப்பல்ல வந்த போர்ச்சுகீசுக்காரங்கதான் கோவாவுல மாமரத்துக்கு ஒட்டுக் கட்டறதப் பரப்பி விட்டாங்களாம். நம்ம கிட்ட இருந்து அவங்க எடுத்துக்கிட்டுப் போனது மாங்காங்கற பேரு. அதத்தான் இன்னிக்கி உலகமே மேங்கோங்குது. பேர எடுத்துக்கிட்டு பிளேடக் குடுத்துட்டுப் போயிட்டாங்களா சார்னு நான் கேட்டன். ஆபீசரு ரொம்ப நேரம் சிரிச்சாரு.

எதுக்கு இதெல்லாம் சொல்றன்னா, குச்சி மாறாது, ஆனா குச்சிய மாத்திடலாம். குச்சி அறுக்கறதுக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே இலையக் கிள்ளி விட்டுடுவாங்க, மொட்டு நல்லாப் பொடைக்கட்டும்னு. அப்புறம் எல்லாக் குச்சியும் ஒண்ணுதான். திருப்பதியில மொட்டை போட்டு வந்த ஆளுங்கள்ல யாரு உன் சித்தப்பா, யாரு என் மச்சான்னு பின்னால இருந்து சொல்லிடுவியா? அதுக்குத்தான் கட்டுக்குக் கட்டு நூல். செந்தூராவுக்குச் செவப்பு. கிளிமூக்குக்குப் பச்சை. இமாம்பசந்துக்கு நீலம்.

நூல் கட்டறது சாலம்மா வேலை. மரம் ஏறிக் குச்சி அறுக்கறதும் அவதான். பதினெட்டு வருசம் ஒரே நர்சரிக் கொட்டகையில எனக்கு எதுத்தாப்புல உக்காந்தவ. என்னைவிடப் பத்து வயசு சின்னவ, அக்கா அக்கான்னு உசுரா இருப்பா. அவ புருஷன் தையக்காரரு, மிச்சம் மீதி நூல் கண்டெல்லாம் அங்க இருந்துதான் வரும். நல்லவதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா வாய் கொஞ்சம் துடுக்கு. ஒரு நாள் என்னைப் பாத்து, அக்கா, உனக்குக் கண்ணு மங்குது போல, இனிமே கட்டு எடுக்கறப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுன்னாளே. எனக்கு வந்துச்சு பாரு கோவம். உன் மூஞ்சியில இருக்கற கண்ணு என் விரல்ல இருக்குதுடி, போடின்னு சொல்லிட்டன். அதுக்கப்புறம் அவ அந்தப் பேச்சே எடுக்கல. யாருகிட்டயும் எடுக்கல.

எனக்கு நூலெல்லாம் தேவையே இல்ல பாப்பா, அதச் சொல்ல மறந்துட்டன். குச்சியச் சீவுனா பால் வரும், அந்த வாசனையிலயே நான் சொல்லிடுவன் இது இன்ன சாதின்னு. அன்னிக்கி எனக்குச் சளி. ஒரு வாரமா மூக்கு அடைச்சுக் கெடந்துச்சு. சும்மா சொல்றன், அதுக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல.

அஞ்சு வருசம் ஆச்சு. எலத்தகிரியில இருந்து அருளப்பன் வாத்தியாரு வந்தாரு. ரிட்டயர் ஆவறதுக்கு ரெண்டு வருசம் இருக்குதுன்னு, இருந்த நெலத்துல எரநூறு இமாம்பசந்து வெக்கப் போறன்னாரு. வாத்தியாருக்கு அந்தப் பழம்னா உசுரு. மாதம்மா கையாலதான் வேணும், அவசரம்னாரு. எங்க மொதலாளி திம்மராயன் எங்கிட்ட வந்து, அம்மா நீயே உக்காந்து கட்டிடுன்னாரு. சாலம்மா அன்னிக்கி ரெண்டு கட்டு அறுத்துக் கொண்டாந்து ஈரச் சாக்குல சுத்தி வெச்சிருந்தா. ஒண்ணு இமாம்பசந்து, ஒண்ணு வேற ஒருத்தருக்குக் கிளிமூக்கு. கொட்டகைக்கு மேல பூரா நெழலுக்குப் போட்ட பச்சை வலை, தெரியுமில்ல, உள்ள உக்காந்தா நம்ம சோறே பச்சையாத் தெரியும். நான் சாக்குல கைய விட்டன், நீல நூல் கட்ட எடுத்தன், கட்டுனன். நீல நூல் கட்டத்தான் எடுத்தன். ரெண்டு இலை விட்டதும் வாத்தியாரு வண்டி கொண்டாந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு.

போன வருசம் வைகாசியில வந்தாரு. கையில மஞ்சப்பை. டீ நேரம், பத்துப் பன்னண்டு பேரு கொட்டகையில இருந்தம். பையில இருந்து ஒரு மாங்கா எடுத்து மேசை மேல வெச்சாரு. கீழ்நுனி கிளி மூக்காட்டம் வளைஞ்சிருக்குது. இன்னொண்ணு எடுத்து வெச்சாரு. அதுவும் வளைஞ்சிருக்குது. எரநூறும் இப்படித்தாம்மான்னாரு. மாம்பழக் கூழ் போடற கம்பெனிக்கு லோடு லோடாப் போவுதே, அந்தக் காயி. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, உப்பு மொளகாப் பொடி தொட்டுத் தின்னா அத மாதிரி வராது. ஆனா அவரு கேட்டது அது இல்லியே. நாலு வருசம் தண்ணி ஊத்தி, முதல் ரெண்டு வருசம் வந்த பூவெல்லாம் கிள்ளி எறிஞ்சு, இந்த வருசம்தான் காய விட்டேம்மான்னாரு.

இதுல ஒரு கூத்து என்னான்னா, அந்தப் பக்கம் எவனோ கிளிமூக்குன்னு வாங்கிட்டுப் போயி இமாம்பசந்து தின்னுக்கிட்டு இருக்கான். அவன் வாயத் தொறப்பானா? மூச்சு விடமாட்டான்.

திம்மராயன் என் மூஞ்சியப் பாத்தாரு. எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. நீயா இருந்தா என்னா சொல்லியிருப்ப? நான் உள்ளத சொன்னன். குச்சி குடுத்தது சாலம்மா, நான் கட்டுனது மட்டும்தான்னன். எரநூத்துல எத்தனை பிடிச்சுது, வாத்தியாரக் கேளுங்க, என் கையில தப்பு இருக்குதான்னு கேளுங்கன்னன். சாலம்மா எந்திரிச்சு, நான் சரியாத்தான் நூல் கட்டிக் குடுத்தன்னா. அப்புறம் என்னைப் பாத்தா. என்னவோ சொல்ல வாயெடுத்தா. சொல்லல. தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்துட்டா. குத்தம் இல்லாதவ அப்படிக் கம்முனு உக்காருவாளா? அதான் நானும் நெனச்சன். எல்லாரும் அதான் நெனச்சாங்க.

மறுநா அவ வேலைக்கு வரல. திம்மராயன் போவச் சொல்லல, அவளாத்தான் நின்னுட்டா. எங்க பக்கம் நர்சரி தெருவுக்கு நாலு இருக்குது, எதுலயும் அவளச் சேத்துக்கல. குச்சிய மாத்தறவன்னு பேரு ஆயிப்போச்சு. குச்சி அறுக்கறவளுக்கு அதைவிடக் கெட்ட பேரு கெடையாது. இப்ப கூழ் கம்பெனியில மாம்பழம் அறுக்கறா, சீசனுக்கு மட்டும். நாளெல்லாம் கிளிமூக்கு. பால் பட்டுக் கையெல்லாம் வெந்து போயிருக்குதுன்னு சொன்னாங்க. நான் பாக்கல. சந்தையில ஒரு தடவ எதுருல வந்தா, நான் தக்காளிக் கடைப் பக்கம் திரும்பிக்கிட்டன். அவதான் மொதல்ல திரும்புவான்னு நெனச்சன். திரும்பல.

பேரு கூப்பிட்டாங்களா? இல்லியா? சரி.

வாத்தியாரு இந்த வருசம் திரும்ப வந்தாரு. மரத்த வேரோட எடுக்கல, தலைய மட்டும் வெட்டி விட்டிருக்காரு. வெட்டுன எடத்துல புதுத் துளிர் வரும், அதுல திரும்ப வேற சாதிக் குச்சிய ஒட்டலாம். அடிமரம் ஏற்கெனவே ஊனிடுச்சில்ல, மூணு வருசத்துல காய்ச்சிடும். ஆவணியில வந்து கட்டிக் குடும்மான்னாரு. நீயே வா, கைராசி உன்னுதுதான்னாரு. குச்சிக்கு மட்டும் நீ நம்பற ஆளாக் கூட்டிக்கிட்டு வான்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மரத்து மேல ஏணி போட்டு நின்னு கட்டற வேலை, கண்ணு சரியா இருக்கணும்னுதான் இங்க வந்தன். டாக்டரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, இவ்வளவு முத்தற வரைக்கும் எங்கம்மா இருந்தீங்கன்னாரு. ஆறேழு வருசமாவே புரை இருந்திருக்கும்னாரு. ஆறேழு வருசம்னு அவரு சொன்னப்ப நான் பெருசா எடுத்துக்கல.

கண்ணுக் கட்டப் பிரிச்ச அன்னிக்கி வானத்தப் பாத்தன். யாரு இத்தனை நாளா இத மறைச்சு வெச்சிருந்தாங்கன்னு தோணுச்சு. போன வாரம் கொட்டகைக்குப் போனன். ஆவணி வேலைக்கு நாடா எடுக்கலாம்னு. மேசை டிராயர்ல நூல் கண்டு ரெண்டு கெடந்துச்சு. புதுக் கண்ணால பாத்தன், ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை. பழைய கண்ணால பாத்தன்.

ரெண்டும் பச்சை பாப்பா. ரெண்டும் ஒரே பச்சை.

டாக்டர்கிட்ட கேட்டன். ஆமாம்மா, புரை விழுந்தா கண்ணுக்குள்ள இருக்கற லென்சு பழுப்பேறிடும், அது வழியாப் பாத்தா நீலம் சரியாத் தெரியாது, நெறைய பேரு சொல்றதுதான்னுட்டு அவரு பாட்டுக்கு அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டாரு. அவருக்கு அது நெறைய பேரு சொல்றது.

அதுக்காக நான்தான் மாத்திட்டன்னு சொல்லிட முடியுமா? அஞ்சு வருசத்துக்கு முன்ன இவ்வளவு மோசமா இருந்திருக்காது. சாலம்மாவும் தப்புப் பண்ணியிருக்கலாம், மனுசிதானே. யாரு கண்டா. இப்படித்தான் ஒரு வாரமா எனக்கு நானே சொல்லிக்கிட்டுக் கெடக்கறன். சோறு எறங்கல.

இப்ப உள்ள போயிட்டு வந்துட்டா ரெண்டு கண்ணும் ஒண்ணாயிடும். அப்புறம் இந்தப் பச்சை எங்கியும் இருக்காது. நானே மூடி மூடிப் பாத்தாலும் நீலமாத்தான் தெரியும். கொஞ்ச நாள்ல எனக்கே மறந்துடும். யாரும் கேக்கமாட்டாங்க. வாத்தியாருக்கு மரம் காய்க்கும், எனக்குப் பேரு நிக்கும். டாக்டரு நல்லதுதான் பண்றாரு. அதான் எனக்கு உக்கார முடியல.

என்னா கேட்ட? திரும்பக் கேளு.

ஆமா. அவ முன்னமே எங்கிட்ட சொன்னாதான், கண்ணு மங்குதுன்னு. அன்னிக்கி எல்லாரு முன்னாடியும் ஏன் அதச் சொல்லலன்னா கேக்கற? மறந்திருப்பா. இல்ல, மறக்கற ஆளு இல்ல அவ. பயந்திருப்பா. எனக்கா? எனக்கு எதுக்குப் பயப்படணும், அவ வாய்க்கு நான்தான் பயப்படுவன். ஒரு வார்த்தை போதுமே. அக்காவுக்குக் கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை. எல்லாரும் அப்பவே நூலக் கையில குடுத்து, இது என்னா கலர்னு என்னைக் கேட்டிருப்பாங்க. நான் பச்சைன்னு சொல்லியிருப்பன். முடிஞ்சுது. அவ பேரு மிஞ்சியிருக்கும். எனக்கு...

எனக்கு வேலை போயிருக்கும். கண்ணு தெரியாதவ கையில யாரு பிளேடு குடுப்பாங்க? புருஷன் இல்ல, பிள்ளைங்க இல்ல, அந்தக் கொட்டகைய விட்டா எனக்கு என்னா இருக்குது? அது அவளுக்குத் தெரியும். எதுத்தாப்புல பதினெட்டு வருசம் உக்காந்தவளுக்குத் தெரியாம இருக்குமா?

தெரிஞ்சுதான் வாய மூடிக்கிட்டா பாப்பா.

நான் அத குத்தம்னு நெனச்சனே. ஒரு வருசமா, கம்முனு உக்காந்தாளே, கம்முனு உக்காந்தாளேன்னு போற வர்ற எடமெல்லாம் அதையே சொன்னன். உங்கிட்டயும் அதையேதான் சொன்னன், இப்பக் கொஞ்ச நேரம் முன்னாடி. சே. என்னா பொம்பள நான்.

தண்ணி வேணாம். அழுவக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, மருந்து போயிடுமாம். போவட்டும்.

கூப்பிடறாங்களா? ஆமா, போச்சம்பள்ளிதான். சிஸ்டர், நான்தான். இன்னிக்கி வேணாம் சிஸ்டர். இல்ல, பயமெல்லாம் இல்ல, அடுத்த வாரம் வர்றன். திட்டுங்க, பரவால்ல, பெரிய டாக்டர்கிட்ட நானே சொல்றன். இந்தக் கண்ணு எனக்கு இன்னும் ஒரு நாளைக்கு வேணும். ஊத்தங்கரை மாதம்மாவ உள்ள அனுப்புங்க.

சாலம்மா ஊட்டுக்கா? இல்ல பாப்பா. மொதல்ல அதான் நெனச்சன், ஊட்டுக்குப் போயி கையப் பிடிச்சுக்கிட்டு, தப்பாயிடுச்சுடின்னு சொல்லிடலாம்னு. அவ விட்டுடுவா. டீ போட்டுக் குடுப்பா. அதோட முடிஞ்சுடும், நானும் நல்லவளாயி ஊட்டுக்கு வந்துடுவன். அது ஆவாது. அவள நான் மாட்டி விட்டது நாலு செவுத்துக்குள்ள இல்ல. பத்துப் பன்னண்டு பேரு முன்னாடி. அவங்க முன்னாடிதான் நூலக் கையில வாங்கி, இந்தப் புதுக் கண்ண மூடிக்கிட்டு, கலரு சொல்லணும். அப்புறம் வேலை குடுக்கறதும் நிறுத்தறதும் அவங்க பாடு. வாத்தியாருக்கும் சொல்லி விட்டுடணும், ஆவணிக்கு நம்பற ஆளு யாருன்னு.

இந்தப் பை என்னுதுதானே? இப்பக் கெளம்புனா மூணு மணிக்குக் கொட்டகைக்குப் போயிடலாம். டீ நேரம். அப்பதான் எல்லாரும் ஒண்ணா இருப்பாங்க.